இடது பக்கம் வைத்த முருகன்

வைகாசி 11, வெள்ளி

முருகா துணை.

சிவப்பி பாலைக் குறைத்துக்கொண்டே வருகிறது. சினை மாடு, ஆனியில் ஈன வேண்டும். அதைக் குற்றம் சொல்லி என்ன? இருந்ததைப் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் பஞ்சாயத்து. கார் பஞ்சாயத்து.

அண்ணன் நல்லசாமிக்குப் பெரிய வண்டி வேண்டும். தாராபுரத்தில் ஒருத்தர் ஏழு பேர் உட்காரும் வண்டியை விற்கிறாராம். பழசுதான், ஆனால் யானை மாதிரி நிற்கிறது என்கிறார். அண்ணன் மகன் நந்தகுமார் அப்பா சொன்னாலும் சரி என்பான், பெண்டாட்டி சொன்னாலும் சரி என்பான். தாயில்லாத பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை, அதனால் அந்தக் குறையும் என்னுடையதுதான். அவன் பெண்டாட்டி தாரணி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். உள்ளே பொம்மைகளை உட்கார வைத்து, காரைக் கொண்டுபோய் முட்ட விடுகிறார்கள். நான் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்தச் சின்ன வண்டிக்கு அஞ்சு நட்சத்திரமுங்க மாமா. நீங்க சொல்றதுக்கு ஒண்ணுகூடத் தேறலீங். அதோட ஆளு உக்கார்ற கூடு எப்படி நசுங்குது பாருங்க."

"நட்சத்திரம் பாக்கறதுக்கு நாம என்ன கண்ணாலமா பண்றோம்?" என்றார் அண்ணன். "பெருசு வந்து சிறுசு மேல ஏறுனா சிறுசுதான் சட்டினி. லாரிக்காரன் உன்ற நட்சத்திரத்தை எண்ணிட்டா வருவான்?"

"பாதி நெசமுங்க மாமா. எடை கூடுனது கொறைஞ்சதைத் தள்ளத்தான் செய்யும். ஏறக்கொறைய ஒரே எடை வண்டிகளுக்குள்ள ஒப்பிட்டுப் பாக்கறதுக்குத்தான் இந்த நட்சத்திரமே. ஆனா, பெருசா இருந்தும் கூடு பலமில்லீன்னா புளியமரத்துல முட்டுனாலும் உள்ள இருக்கறவங்களுக்குத்தான் அடி. நம்மூரு ரோட்டுல புளியமரம் கொஞ்சமாவா இருக்குது?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் முடிந்தது, சின்ன வண்டிதான்.

நான் நடுவில் ஒன்றும் பேசவில்லை. ஏழு பேர் வண்டி என்றால் பழனிக்கு எல்லாரும் ஒன்றாய்ப் போகலாமே என்று மட்டும் சொன்னேன். மூன்று நான்கு தடவை சொன்னேன்.

வைகாசி 20, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். நிறம் நன்றாக இருக்கிறது. ஆனால் கதவைச் சாத்தினால் தீப்பெட்டிக்குள் குச்சி போட்ட மாதிரி. சொசைட்டியில் கேட்டார்கள், அப்படியேதான் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

முன்னால் இடது பக்கம் எனக்கான சீட். பெரியவங்க முன்னாடி உட்காரட்டும் என்று தாரணியே சொன்னாள். உட்கார்ந்து பார்த்தால் எதிரே மொழுமொழுவென்று மொட்டையாக இருக்கிறது. இங்கிலீசில் நாலு எழுத்து பொறித்திருக்கிறார்கள். கம்பெனி பேராக இருக்கும். சாமி இல்லாத வண்டி விளக்கில்லாத வீடு.

வைகாசி 25, வெள்ளி

இன்று மனசு நிறைந்தது. பழனியில் வாங்கி, சன்னதியில் வைத்துப் பூசை செய்து கொண்டுவந்த பித்தளை முருகனை வண்டியில் வைத்துவிட்டேன். ஒரு சாண் உயரம், நல்ல கனம், பக்கத்தில் அதே பீடத்தில் தனியாக வேல். தாரணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நந்தகுமாரை இழுத்துக்கொண்டு தாராபுரத்தில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். என் சீட்டுக்கு நேர் எதிரே, அந்த எழுத்தின் மேலேயே, பசை போட்டு ஒட்டித் தந்தார்கள். பூகம்பம் வந்தாலும் அசையாது என்றான் கடைக்காரன்.

சாயந்திரம் தாரணி பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அத்தை, இந்த எடத்துல மட்டும் வேண்டாமுங்க. இதுக்கு அடியிலதான் காத்துப் பை இருக்குது. வண்டி மோதுனா மூடியப் பொளந்துட்டு வெடிச்சு வரும்."

"சாமி இருக்கற வண்டி எதுக்கு அம்முணி மோதுது?"

"அப்படி இல்லீங். பின்னாடி கண்ணாடிகிட்ட வேண்ணா…"

"முருகனைப் பின்னாடி உக்கார வெக்கறதா? அவனென்ன சாமான் மூட்டையா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். எனக்கு ஆறவில்லை. வெளக்கு வைத்ததும் பக்கத்து வீடு, எதிர்வீடு, பூசாரி வீடு என்று போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சாமியை எடுக்கச் சொல்கிற மருமகளை எங்கேயாவது கண்டதுண்டா என்று கேட்டேன்.

வைகாசி 27, ஞாயிறு

கோயிலில் நாலு பெண்கள் தாரணியிடம் அந்தச் சாமி விசயத்தைக் கேட்டார்களாம். வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிலையையும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளைதான்.

வெங்காயம் காயவைத்தேன். மழை வருகிறாற்போல இருந்தது, வரவில்லை.

ஆனி 9, ஞாயிறு

வெள்ளகோவில் பக்கம் கல்யாணத்துக்குப் போன பிள்ளைகளை வண்டி அடித்துவிட்டது. உசுர் இருக்கிறது. முருகா. முருகா.

ஆனி 10, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பை அவசரத்தில் எடுத்தது, அதில் இந்த நோட்டும் கிடந்தது.

பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு பெரிய வண்டி இவர்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. யானை மாதிரி வண்டி. அதில் இருந்தவர்கள் இறங்கி நின்று போன் பேசினார்களாம், கீறல்கூட இல்லையாம். நந்தகுமாருக்குக் கை மணிக்கட்டில் வீக்கம், நெஞ்சில் பெல்ட் இழுத்த தடம், அவ்வளவுதான். தாரணிக்குத் தாடை உடைந்திருக்கிறது. இடது கண்ணுக்குக் கீழே கிழிந்திருக்கிறது. பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். வாயைத் திறக்க முடியாது. என்ன நடந்தது என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை. பஸ்ஸைப் பார்த்தது வரைக்கும்தான் இருக்கிறது என்று எழுதிக் காட்டினாள்.

நானும் போயிருக்க வேண்டியது. சிவப்பி ஈனுகிற மாதிரி நின்றதால் இருந்துவிட்டேன். போயிருந்தால் அந்த சீட்டில் நான்தான்.

டாக்டர் வெளியே வந்து கேட்டார். "காத்துப் பை ரெண்டும் விரிஞ்சிருக்கு. பெல்ட்டும் போட்டிருக்காங்க. அப்படின்னா இந்த மாதிரி அடி பட்டிருக்காதே. கனமா ஏதோ வந்து அடிச்சிருக்கு. முன்னாடி ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

நந்தகுமார் எக்ஸ்ரே அறையில் இருந்தான். அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. கண்ணாடி கிண்ணாடி பட்டிருக்குமுங்க" என்று சொன்னேன்.

பெரிய டாக்டருக்கு வண்டியில் இருந்த சாமானெல்லாம் எதற்கு?

சிவப்பி கிடாரிக் கன்று போட்டதாகப் போன் வந்தது. சீம்பால் யாருக்கு வேண்டும்?

ஆனி 14, வெள்ளி

நந்தகுமார் பட்டறையில் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். மூக்கு மொத்தமும் அப்பளமாகிவிட்டதாம். உட்காருகிற கூடு மட்டும் அப்படியே இருக்கிறதாம், நாலு கதவும் கையால் திறந்ததாம். துண்டில் சுற்றி முருகனைக் கொண்டுவந்தான். பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.

"பாருங்க அத்தை, ஒரு ஒடசல் இல்ல."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "இவன் இல்லீன்னா ரெண்டு பிணமல்ல வந்திருக்கும்? அந்தத் தீப்பெட்டியை நம்பி அனுப்புனனே."

நான் சிலையைக் கிணற்றடியில் வைத்துப் புளி போட்டு விளக்கினேன். வேல் கோணியிருந்தது. கோணல் வேல் வீட்டுக்கு ஆகாது என்று குழவியால் தட்டி நிமிர்த்தினேன். வேலின் இலைக்கும் காம்புக்கும் நடுவில் சிவப்பாகக் காய்ந்து பிடித்திருந்தது. குங்குமம். நான் வைத்த குங்குமம்தான்.

ஊசியால் நோண்டி எடுத்தேன்.

ஆனி 18, செவ்வாய்

தாரணியை வீட்டுக்குக் கூட்டிவந்தாச்சு. கஞ்சியை வடிகட்டி, குழாய் போட்டு உறிஞ்சுகிறாள். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பாடம் சொன்ன பிள்ளை.

பார்க்க வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு நேரே பூசை அறைக்கு வருகிறார்கள். வண்டி நொறுங்கியும் நொறுங்காத முருகன் என்று பேச்சு பரவிவிட்டது. பரவாமல் என்ன, எல்லாருக்கும் சொன்னவள் நான்தானே. எப்படிச் சன்னதியில் வைத்து வாங்கினேன், எப்படி மனசில் தோன்றியது, எப்படிப் பிள்ளைகளைக் காப்பாற்றினான் என்று சொல்லச் சொல்ல அழுதார்கள். ஒருத்தர் புது டிராக்டர் சாவியைக் கொண்டுவந்து சிலையின் காலடியில் வைத்து எடுத்துப்போனார்.

"எல்லாஞ் சரி, அந்தச் சின்ன வண்டியை எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்காதவர் இல்லை.

"படிச்ச பொண்ணு சொன்னா, கேட்டோம்" என்கிறார் அண்ணன். கதவு திறந்தே இருக்கிறது. அவளுக்குக் காது கேட்கும்.

நானும் ஒரு தடவை "ஆமா" சொன்னேன். பலபேருக்கு நடுவில் வேறென்ன சொல்வது?

ஆனி 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றேன். கண்ணுக்குக் கீழே காயம் நீளமாக இல்லை. நுனி கூராக, நடு அகலமாக, இலை மாதிரி. பஞ்சு கை தவறி விழுந்துவிட்டது. நர்சம்மா திட்டினாள்.

சாயந்திரம் விளக்கேற்றப் போனேன். சிலைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. வெளியே இருந்தே கும்பிட்டேன்.

ஆனி 28, வெள்ளி

தாரணி தூங்கும்போது நந்தகுமாரிடம் கேட்டேன். "அப்புனு, அந்தப் பொம்மைப் படம் இருக்குதல்ல, அதைக் காட்டு."

"இப்ப எதுக்குங்க அத்தை?"

"காட்டுன்னாக் காட்டு."

கார் முட்டுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் முன் பக்கத்து மூடி பிளந்து வெள்ளைப் பை வெளியே பாய்கிறது. பொம்மையின் தலை அதில் புதைகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பை புறப்படுகிற இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு எழுத்து பொறித்த இடம்.

"இதென்ன எழுத்து?"

"காத்துப் பை இங்க இருக்குதுன்னு போட்டிருக்கறாங்க அத்தை."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கடைக்கு ஓட்டிப்போனவன் அவன்தானே. இரண்டு பேரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனோம்.

முருகா, உன்னைக் கொண்டுபோய் அங்கே வைத்தது யார்? நீ நடந்தா போனாய்?

ஆடி 1, புதன்

சொல்லிவிட வேண்டும்.

ஆடி 3, வெள்ளி

கூழ் காய்ச்சினோம். வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள். சொல்லவில்லை.

கரூரிலிருந்து ஒரு குடும்பம் சிலையைப் பார்க்க வந்தது. கதையைச் சொல்லச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். என் தொண்டை கட்டி யாரும் கேட்டதில்லை. அண்ணனே எனக்குப் பதிலாகச் சொன்னார். என் வார்த்தையாகவே, நான் அழுகிற இடத்தில் நிறுத்தி.

ஆடி 12, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

தாரணியின் அம்மா சிவகாமி மகளைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வந்தார். அண்ணன் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. ஆனா ஒண்ணு. ஆவணி பொறந்ததும் அந்தப் பெரிய வண்டியை வாங்கறேன். இனிமே வண்டி விசயத்துல உங்க பொண்ணு வாயைத் தொறக்கக் கூடாது. அவ படிச்ச படிப்பு அவ மூஞ்சியவே தின்னுருச்சு. எம்பையன் உசுரையும் தின்னிருக்கும்."

சிவகாமி எழுந்து நின்றுவிட்டார். "அவ நல்லதுக்குத்தானுங்க சொன்னா."

தாரணி கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். பல் கட்டியிருக்கிறது, பேச முடியாது. மாமனார் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். தப்பு என்னுடையதுதான் என்பதுபோலத் தலையைத் தலையை ஆட்டினாள். கண்ணீர் அந்தக் காயத்தில் இறங்கியது.

அதைப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தால் எந்தக் கோயில் படியையும் மிதிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

"அண்ணா, அவ மூஞ்சியத் தின்னது வண்டி இல்ல. அந்தச் சிலை."

"என்ன புள்ள பேசற?"

"காத்துப் பை வர்ற வாசல்ல நான் கொண்டுபோய் ஒரு பித்தளைக் கட்டியை வெச்சேன். அவ வேண்டாமுன்னு கும்புட்டுக் கேட்டா. நாங் கேக்கல. பை வெடிச்சுச் சிலையைத் தூக்கி அவ மூஞ்சியில அடிச்சிருக்குது. வேலுல ரத்தம் இருந்துச்சு. கோணியும் இருந்துச்சு. நாந்தான் தட்டி நிமித்திக் கழுவுனேன். டாக்டரு கேட்டதுக்குப் பொய்யுஞ் சொன்னேன்."

அண்ணன் எழுந்துவிட்டார். "வாயை மூடு மயிலாத்தா! கோயிலுக்குக் கோயில் போற வாயா இது? காப்பாத்துன சாமி மேல பழியப் போடறியே."

"சாமி மேல போடலீங்ணா. எம்மேல போடறேன்."

"மருமக அழுதான்னு மனசு எளகிப் பேசறா" என்று சிவகாமியிடமே சொன்னார். அந்த அம்மாவும் என் தோளைத் தொட்டு, "விடுங்க சம்பந்தி, நீங்க என்ன பண்ணுவீங்க, எல்லாம் நேரம்" என்றார். ஒருத்தரும் நம்பவில்லை. இத்தனை நாளாக ஊரை நம்பவைத்த வாய், இன்று நெசத்தைச் சொன்னால் நடிப்பு என்கிறார்கள்.

நந்தகுமாரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

தாரணிதான் நகர்ந்தாள். பூசை அறைக்குள் போனாள். மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடத்து வெளிச்சத்தில் நின்று வேலின் இலையைத் தன் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

சரியாகப் பொருந்தியது.

அவள் சிலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். போனவர் இருட்டியும் வரவில்லை. "நானும் சொல்லியிருக்கோணுமுங்க அத்தை" என்று நந்தகுமார் வந்து நின்றான். போய் அவளிடம் சொல்லு என்று அனுப்பினேன்.

ஆடி 15, புதன்

சிவகாமி மகளை இங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணன் என்னோடு பேசவில்லை. தாரணியோடும் பேசவில்லை. ஆனால் இரண்டு இளநீர் வெட்டி, குழாயும் போட்டு அவள் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பெரிய வண்டிக்காரர் போன் செய்தார். "இப்ப வேண்டாமுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சொசைட்டியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இத்தனை வருசமாக அங்கே அடுத்தவரைப் பற்றிப் பேசி, அவர் வந்ததும் நிறுத்தினவள் நான்.

ஆடி 24, வெள்ளி

தாரணிக்குக் கம்பி எடுத்தாச்சு. கண்ணில் பார்வை இருக்கிறது, ஓரத்தில் மட்டும் மங்கல், போகப்போகத்தான் தெரியுமாம். வாய் இரண்டு விரல் அகலம் திறக்கிறது. ரசம் சோற்றைக் குழைத்துக் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். எனக்கு முந்தி அவள் பேசினாள். குரல் யாரோ மாதிரி இருந்தது.

"தெரிஞ்சேதான் உக்காந்தேனுங்க அத்தை. அன்னிக்குக் கதவைத் தொறக்கறப்பக்கூட அதைப் பாத்தேன். ஒரு கத்தி விட்டு நெம்பியிருந்தா வந்திருக்கும்."

"எடுத்திருக்கலாமே கண்ணு."

"எடுத்தா நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்களே."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிசைய அதில் ஒன்றும் இல்லை.

மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை. அதை மடிக்கு எதிரே வைத்துக்கொண்டு, என் நாக்குக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள். முருகா, சிலை செய்ததை விட இதுதான் பெரிது. இதற்கு எந்தத் தீர்த்தத்தில் முழுகுவேன்?

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாலு வாய் சாப்பிட்டாள்.

ஆவணி 2, ஞாயிறு

காலையில் வாசலில் ஒரு புது கார். கோயமுத்தூர்க்காரர்கள். புருசன், பெண்டாட்டி. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். பெரிய உசரமான வண்டிதான். சாவியைச் சாமி காலடியில் வைக்க வேண்டும், அந்த முருகன் கதையையும் பெரியம்மா வாயால் கேட்க வேண்டும் என்றார்கள். அண்ணன் கட்டிலில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாரணி சன்னல் பக்கம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சாவி இருக்கட்டுமுங்க. வண்டியைக் காட்டுங்க" என்றேன்.

வெயிலில் போய் இடது பக்கக் கதவைத் திறந்தேன். நினைத்தபடியே இருந்தது. கருங்கல் பிள்ளையார், கைக்குழந்தையின் தலை அளவு. அடியில் பாதி மறைந்து அந்த எழுத்து.

"இத்தச் சோட்டுப் பெரிய வண்டி, ஆறு பை இருக்குது, நட்சத்திரமும் அஞ்சு. இது மேல யானை மோதுனாலும் ஒண்ணுமாகாதுங்க பெரியம்மா" என்றார் புருசன்.

"வண்டி பெருசுதானுங் தம்பி. பை எல்லா வண்டியிலயும் இந்த வாசல்லதான் வருது. இந்தச் சாமியை எடுத்து வீட்டுல வெச்சுக் கும்புடுங்க. அங்கயும் அவருதான் இருக்கறாரு."

அவருக்கு முகம் சுருங்கியது. பெண்டாட்டி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் முதலிலிருந்து சொன்னேன். ஒட்டினது, அவள் வேண்டாமென்றது, மூன்று வீடு ஏறிப் பேசினது, புளி போட்டு விளக்கினது. யார் செய்தது என்பதைத் தவிர எதையும் விடவில்லை, எங்கேயும் அழவில்லை. சன்னலில் தாள் புரட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "இப்படியுமா செய்வாங்க? அதை அங்க கொண்டுபோய் வெச்சது யாருங்க?"

தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

"நானுங்க" என்றேன்.